கொழும்பு: ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் முதல் வாரம் மழை எப்படி? (மொட்டைமாடி வேலை இருக்கிறது)

மூன்றாம்மாடி_வெள்ளவத்தை | புதன், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஓர் ஒழுங்கையில் பழைய மூன்று மாடி வீடு எங்களுடையது. மேல்தட்டு ஒழுகுகிறது. போன நவம்பரில் சாமியறைச் சுவரில் இறங்கிய ஈரம் இன்னும் மஞ்சள் கறையாக நிற்கிறது. ஒக்டோபர் மழைக்கு முன் தட்டைக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சு அடித்துவிட வேண்டும். மேசன் பாஸ் மூன்று காய்ந்த நாள் கேட்கிறார். என் கைபேசியிலுள்ள வானிலைச் செயலி வரும் பத்து நாளுக்கும் இடிமின்னல் படத்தையே வரிசையாகப் போட்டிருக்கிறது. மகனின் கைபேசியில் இருக்கும் வேறொரு செயலி அதே பத்து நாளுக்கும் முகிலுக்குப் பின்னால் சிரிக்கும் சூரியனைக் காட்டுகிறது. எதை நம்பி ஆளைக் கூப்பிடுவது? வானிலை பார்ப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

ஆமர்வீதி_நனைந்தவன் | புதன், இரவு 9.26

எதையும் நம்ப வேண்டாம் அக்கா. மே மாதத்தில் "பல தடவைகள் மழை பெய்யக்கூடும்" என்று ஆரம்பித்தால் செப்டெம்பர் வரை அதே வரிதான். வானம் வெளுத்தால் பாஸைக் கூப்பிடுங்கள், கறுத்தால் படங்கை (தார்ப்பாயை) விரியுங்கள். எங்கள் சந்தியில் அரைமணி நேரம் பெய்தால் போதும், முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அதற்கு எந்த முன்னறிவிப்பும் தேவையில்லை.

மழைமானி_தெஹிவளை | புதன், இரவு 10.41

அக்கா, இரண்டு செயலிகளும் பொய் சொல்லவில்லை. உங்கள் கேள்வி வேறு, அவை பதில் சொல்லும் கேள்வி வேறு. இந்தப் படங்களுக்குப் பின்னால் இருப்பவை உலகளாவிய கணினி மாதிரிகள். ஐரோப்பிய வானிலை மையத்தின் மாதிரி பூமியை ஏறத்தாழ 9 கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது, அமெரிக்க மாதிரியின் கட்டம் சுமார் 13 கிலோமீற்றர். கொழும்பு மாநகர சபை எல்லை முழுவதும் 37 சதுர கிலோமீற்றர்தான். ஒரே கட்டத்துக்குள் கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் சேர்ந்து அடங்கிவிடும். அந்தக் கட்டத்தில் எங்கோ ஒரு மூலையில், ஏதோ ஒரு நேரத்தில் ஒரு தூறல் விழும் சாத்தியம் இருந்தால் ஒரு செயலி மழைப் படம் போடும். நாளின் பெரும்பகுதி வெளிச்சமாக இருக்கும் என்று மற்றது சூரியனைப் போடும். உங்கள் மாடியின் ஈரம் இரண்டுக்கும் தெரியாது.

இனி மாதக் கணக்கு. கொழும்பின் 1961 முதல் 1990 வரையான முப்பது ஆண்டுச் சராசரியில் மே ஏறத்தாழ 390 மில்லிமீற்றர், ஜூன் 185, ஜூலையும் ஓகஸ்டும் 120 அளவில். செப்டெம்பரில் அது 245 ஆகிறது, ஒக்டோபரில் 365, நவம்பரில் 410-ஐத் தாண்டுகிறது. தென்மேல் பருவப்பெயர்ச்சி மே முதல் செப்டெம்பர் வரை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததால் ஐந்து மாதமும் ஒரேமாதிரிக் கொட்டும் என்று நினைக்கிறோம். கொழும்புக்கு அப்படி இல்லை. பருவப்பெயர்ச்சியின் நடுவிலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. நீங்கள் இப்போது அந்தப் பள்ளத்தின் கடைசிக் கரையில் நிற்கிறீர்கள். இன்னும் இரண்டு வாரம் போனால் ஏற்றம் தொடங்கிவிடும்.

ஏன் இந்தப் பள்ளம்? தென்மேல் காற்று பலமாக வீசும்போது கொழும்புக்கு மேல் முகில் நிமிர்ந்து வளர வாய்ப்பில்லை. கடலிலிருந்து ஏறும் ஈரம் எங்கள் தலைக்கு மேலால் ஓடி, அவிசாவளைக்கு அப்பால் மலைச்சரிவில் முட்டி ஏறிக் கொட்டுகிறது. கித்துள்கல, கினிகத்தேனை, வட்டவளை எல்லாம் நனைந்து ஊறும் வாரத்தில் பம்பலப்பிட்டியில் துணி காயும். எங்களுக்கு வருவது இரவிலும் விடியற்காலையிலும் கடலிலிருந்து வந்து விழும் சிறு மழை. கடற்கரையில் நின்றால் தெரியும்: அடிவானம் வெள்ளையாக மங்கும், தூரத்துக் கப்பல்கள் மறையும், காற்று ஒருமுறை குளிர்ந்து அடிக்கும், பெய்யும், நின்றுவிடும். பெரும்பாலும் இடி இருக்காது. ஒன்பது மணிக்கு வெயில் ஏறினால் தட்டு காய்ந்துவிடும்.

பருவம் மாறத் தொடங்கியதும் கதையே வேறு. தென்மேல் காற்று தளர்ந்துவிடும். பகலில் கடற்காற்று உள்ளே போய் ஹங்வெல்ல, அவிசாவளைப் பக்கம் முகிலைக் கிளப்பும். அது மாலையில் இடியோடு திரும்பி எங்களிடம் வரும். அப்போது கறுப்பு எழும்புவது கடல் பக்கத்திலிருந்து அல்ல, நுகேகொடைப் பக்கத்திலிருந்து. கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவர் முதுகுப் பக்கத்தால் நனைவார்.

ஆகவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை வாசிக்கும்போது மழையா இல்லையா என்று மட்டும் பார்க்காதீர்கள். நேரத்தைப் பாருங்கள். மேல் மாகாணத்தைப் பற்றிய வரியில் "பல தடவைகள்" என்று இருந்தால் பழைய காற்று இன்னும் வீசுகிறது. அந்த இடத்தில் "பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் இடியுடன் கூடிய மழை" என்று வரத் தொடங்கினால் காற்று மாறுகிறது. ஆமர்வீதித் தம்பி ஒரே வரி என்று சொல்வது அந்த நேரக் குறிப்பைத் தாண்டிப் படிப்பதால்தான். கூடவே கடற்பரப்புக்கான பகுதியையும் வாசியுங்கள். புத்தளத்திலிருந்து கொழும்பு, காலி ஊடாக மாத்தறை வரை என்று ஒரு வரி வரும். அதில் காற்று மணித்தியாலத்துக்கு 30, 40 கிலோமீற்றர், இடைக்கிடை 50-க்கு மேல் என்று இருந்தால் உங்கள் பூச்சு வேலைக்கு அது நல்ல செய்தி.

பூச்சுவேலை_இரத்மலானை | வியாழன், காலை 6.15

மேலே எழுதியவர் வானத்தைச் சொல்லிவிட்டார். நான் தட்டைச் சொல்கிறேன். மேலே காய்ந்து வெளுத்த கொங்கிறீற்றுக்குள் ஈரம் இருக்கும், கையால் தொட்டால் தெரியாது. ஒரு முழ அகலத்தில் தெளிந்த பொலித்தீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் தட்டில் ஒட்டுங்கள். முதல் நாள் மாலை ஒட்டி மறுநாள் காலை பாருங்கள். தாளின் உட்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலும், அடியில் கொங்கிறீற் கறுத்திருந்தாலும் பூச வேண்டாம். பூசினால் உள்ளே அடைபட்ட ஈரம் வெயிலில் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கும். அடுத்த வருடம் அதை உரிப்பதற்குத்தான் கூலி கொடுப்பீர்கள்.

தண்ணீர்த் தாங்கி நிழல் விழும் இடமும் கைப்பிடிச் சுவரின் அடி மூலையும்தான் கடைசியாகக் காயும். தாளை அங்கே ஒட்டுங்கள். வெயில் அடிக்கும் நடுத்தட்டில் ஒட்டிப் பார்த்துத் திருப்திப்படுவதில் பயனில்லை. பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவுவது மழை நாளிலேயே செய்யக்கூடிய வேலை. காய்ந்த நாளை அதற்குச் செலவழிக்காதீர்கள்.

கடலோரம்_முகத்துவாரம் | வியாழன், காலை 7.02

காற்று இன்னும் தளரவில்லை. எங்கள் பக்கம் சிறு வள்ளங்கள் பல நாட்களில் கரையில்தான் கிடக்கின்றன. சந்தையில் மீன் விலையைப் பார்த்தாலே காற்று தெரியும். மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் திருகோணமலை, வாழைச்சேனைப் பக்கத்திலிருந்துதான் கொழும்புக்கு மீன் அதிகம் வருகிறது. அறக்குளா வாங்கப் போனால் விலையைக் கேட்டுவிட்டுச் சூரையோடு திரும்ப வேண்டியிருக்கிறது. ஒக்டோபர் கடைசியில் இது தலைகீழாக மாறும்.

மழைமானி ஐயா சொல்லாத ஒன்று: வெள்ளவத்தைக் கடற்கரை வீட்டுத் தட்டில் உப்புப் படியும். பலமான காற்று நாட்களில் அலைத் துமி ரயில் பாதையைத் தாண்டி உள்ளே வரும். பூசுவதற்கு முன் நல்ல தண்ணீரால் ஒருமுறை அலசுவது நல்லது.

நல்லூர்ப்பயணி | வியாழன், காலை 8.30

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். வார இறுதியில் யாழ்ப்பாணம் போகிறோம். அங்கே மழை இருக்குமா? பிள்ளைகளுக்குக் குடை கொண்டுபோக வேண்டுமா?

மழைமானி_தெஹிவளை | வியாழன், காலை 8.52

குடை வெயிலுக்கு வேண்டும். யாழ்ப்பாணத்தின் மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை. இப்போது அங்கே சோளகக் காற்றும் (தென்மேல் காற்றுக்கு அங்கே அந்தப் பெயர்) புழுதியும்தான். எப்போதாவது மாலையில் ஓர் இடிமழை வரலாம். புறப்படும் நாளில் இந்தியாவின் காரைக்கால் வானிலை ராடர் படத்தை இணையத்தில் பாருங்கள், வடக்கு அதில் தெரியும்.

மட்டுநகரான்_கொழும்பில் | வியாழன், பகல் 12.20

கொழும்பார் இங்கே மழையை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் மட்டக்களப்பில் அம்மா பதினொரு மணிக்கு யன்னலை அடைத்துவிடுகிறார். உங்கள் தென்மேல் காற்று மலையில் ஈரத்தை எல்லாம் இறக்கிவிட்டு, வெறும் சூடாக எங்கள் பக்கம் இறங்குகிறது. அதுதான் கச்சான். 35 பாகையைத் தாண்டும் பகலில் கிணற்றடியில் கழுவிப் போட்ட வேட்டி கால் மணியில் விறைத்துவிடும். கொழும்பில் 30, 31 பாகையில் வியர்த்து ஒழுகுகிறவர்கள் அந்தக் காற்றில் ஒரு மதியம் நின்று பார்க்க வேண்டும். வியர்வைகூட வராது, உதடுதான் வெடிக்கும்.

வேறொன்று. வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. அடுத்த வாரம் பெரும் சூறாவளி இலங்கையைத் தாக்கும் என்று யாரோ ஒருவர் அழாத குறையாகச் சொல்கிறார். பெரியம்மா அரிசி வாங்கி வைக்கச் சொல்லித் தொலைபேசி எடுத்துவிட்டார். 1978 சூறாவளியை நேரில் பார்த்தவர், அவரைச் சிரித்துச் சமாளிக்க முடியாது. யாராவது தெளிவாக எழுதுங்கள், அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

மழைமானி_தெஹிவளை | வியாழன், பிற்பகல் 1.35

பெரியம்மாவுக்கு: நீங்கள் பார்த்தது நவம்பர் 23. இலங்கையைக் கடுமையாகத் தாக்கிய சூறாவளிகளில் பெரும்பாலானவை நவம்பர், டிசெம்பரில் வந்தவை. 1964-இல் வடக்கையும் தனுஷ்கோடியையும் அழித்ததும் டிசெம்பர்தான். ஓகஸ்டில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாவது வழமை, ஆனால் அது வடக்கே, ஒடிசாவுக்கும் வங்காளத்துக்கும் அருகில் உருவாகி இந்தியாவுக்குள் போகும். எங்களுக்கு அதன் பாதிப்பு வேறு விதமாக வரலாம். அங்கே தாழமுக்கம் நிற்கும் நாட்களில் தென்மேல் காற்று இன்னும் வேகமாக இழுக்கப்படும், மேற்குச் சரிவில் மழை கூடும், கடல் கொந்தளிக்கும். அதற்காக மட்டக்களப்பில் அரிசி மூட்டை தேவையில்லை. குரல் பதிவை அனுப்பியவரிடம், அது எந்தத் திகதியிட்ட எந்த அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டது என்று மட்டும் கேளுங்கள்.

கொலன்னாவை_பள்ளவீடு | வியாழன், மாலை 5.48

எங்களுக்கு மழையை விட ஆறுதான் பயம். இங்கே வெயில் அடிக்கும்போதே களனி கங்கை ஏறும். அதற்கு எதைப் பார்ப்பது?

மழைமானி_தெஹிவளை | வியாழன், மாலை 6.20

நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று நீர்மட்டங்களைப் பாருங்கள். மேலே கித்துள்கல, தெரணியகலை. பிறகு கிளென்கோஸ், ஹங்வெல்ல. கடைசியில் கொழும்பில் நாகலகம் வீதி. மேலே ஏறிய தண்ணீர் கீழே வந்து சேர நேரம் எடுக்கும், அந்த நேரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். நாகலகம் வீதி அளவுகோலில் 5 அடி என்றால் சிறு வெள்ளம், 7 அடி என்றால் பெருவெள்ளம். கொழும்பு வானத்தைப் பார்த்து ஆற்றைக் கணிக்க முடியாது. கினிகத்தேனையில் இருக்கும் உறவினருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு அதைவிடப் பயன் தரும்.

ஆமர்வீதி_நனைந்தவன் | வியாழன், இரவு 8.05

எல்லாம் சரி ஐயா. 245 மில்லிமீற்றர், 9 கிலோமீற்றர் கட்டம், எல்லாம் படித்தேன். எங்கள் வீதியில் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் தென்மேல் காற்றா? வாய்க்காலில் பிளாஸ்ரிக் போத்தலும் கட்டட மண்ணும் அடைத்துக் கிடக்கின்றன. முன்னறிவிப்பை நூற்றுக்கு நூறு சரியாகச் சொன்னாலும் கடை வாசலில் மணல்மூட்டை அடுக்குவதைத் தவிர நான் என்ன செய்வது?

மழைமானி_தெஹிவளை | வியாழன், இரவு 8.31

அதில் உங்களோடு நான் சண்டை பிடிக்கவில்லை தம்பி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நாளில் விழும் 40 மில்லிமீற்றர் விடிய விடியத் தூறினால் உங்கள் வாய்க்கால் அடைப்போடும் சமாளித்துவிடும். அதே 40 மில்லிமீற்றர் ஒக்டோபர் மாலையில் முக்கால் மணியில் விழும், அதுவும் கடைகள் மூடிச் சனம் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில். மொத்த அளவை விட விழும் வேகம்தான் உங்கள் சந்தியை நிரப்புகிறது. 1992 ஜூன் 4 அன்று கொழும்பில் 490 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. 2010 நவம்பரில் ஓர் இரவு மழையில் நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. அப்படிப்பட்ட நாளில் சுத்தமான வாய்க்காலும் தோற்கும். சாதாரண ஒக்டோபர் மாலைகளில் சுத்தமான வாய்க்கால் வெல்லும். மணல்மூட்டையை எந்த மணிக்கு அடுக்குவது என்று முன்னறிவிப்புச் சொல்லும், அவ்வளவுதான். வாய்க்காலை யார் துப்புரவாக்குவது என்று அது சொல்லாது.

பொறுப்பாளர் | வியாழன், இரவு 9.00

வாய்க்கால் அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே வானத்தோடு நிற்போம்.

செயலிநம்பி | வியாழன், இரவு 9.44

மழைமானி அவர்களிடம் ஒரு கேள்வி. எல் நினோ (பசிபிக் கடல் வழமையை விடச் சூடாவது) வந்தால் மழை குறையும் என்று இந்தியத் தொலைக்காட்சிகள் சொல்கின்றன. அப்படியானால் எல் நினோ வருடங்களில் ஒக்டோபரும் காய்ந்துதானே இருக்க வேண்டும்? அக்கா அவசரப்படத் தேவையில்லையே.

மழைமானி_தெஹிவளை | வியாழன், இரவு 10.18

அது இந்தியாவின் தென்மேல் பருவமழைக்கான பேச்சு. இலங்கையின் ஒக்டோபர், நவம்பர் மழைக்கு எல் நினோ பெரும்பாலும் எதிர்த் திசையில் வேலை செய்கிறது, கூட்டத்தான் பார்க்கும். இந்து சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் வழமையை விடச் சூடாகி, சுமாத்திராப் பக்கம் குளிர்ந்தால் இன்னும் கூடும். சென்னைக்குப் பொருந்துவதும் டில்லிக்குப் பொருந்துவதும் கொழும்புக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னையில் இந்த மாதங்களில் பகல் வெயில் கொதித்து இரவில் மேற்கிலிருந்து இடிமழை வரும். எங்களுக்கு இப்போது அப்படி இல்லை. எல் நினோவை நம்பி மாடியைத் திறந்து வைக்க வேண்டாம்.

மூன்றாம்மாடி_வெள்ளவத்தை | வெள்ளி, காலை 6.50

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை கைப்பிடிச் சுவர் மூலையிலும் தாங்கியின் நிழலிலும் பொலித்தீன் ஒட்டினோம். இரவு இரண்டரை மணி போல ஒரு மழை, பத்து நிமிடம்கூட இல்லை. இடி இல்லை. காலையில் மூலைத் தாளின் உட்பக்கம் தண்ணீர் கோத்திருக்கிறது, நடுத்தட்டு காய்ந்திருக்கிறது. ஒரு சந்தேகம்: சூரியன் உச்சம் கொடுக்கும் (நேர் தலைக்கு மேல் வரும்) நாட்கள் இவை என்று வானொலியில் சொன்னார்கள். அது நல்லதா கெட்டதா? பூச்சு வேகமாகக் காய்ந்து வெடிக்குமா?

மழைமானி_தெஹிவளை | வெள்ளி, காலை 7.40

நீங்கள் சொன்ன இரவு மழை அப்படியே தென்மேல் காற்றின் மழைதான். காற்று இன்னும் மாறவில்லை என்பதற்கு அது சாட்சி.

உச்சம்: ஓகஸ்ட் 28 அளவில் பருத்தித்துறைப் பக்கத்தில் தொடங்கி செப்டெம்பர் 7 அளவில் தெய்வேந்திர முனையில் முடியும். கொழும்புக்குச் செப்டெம்பர் 4, 5 வாக்கில், நண்பகல் 12.10 அளவில். அந்த நேரத்தில் உங்கள் தாங்கியின் நிழல் அதன் அடியிலேயே விழும், பூச்சுவேலை அண்ணா சொன்ன அந்த ஈர இடத்துக்கும் வெயில் கிட்ட வரும். ஏப்ரலிலும் இதே உச்சம்தான், ஆனால் ஏப்ரலில் காற்று செத்துக் கிடப்பதால் அவிந்து போகிறோம். இப்போது காற்று இருப்பதால் அந்த அளவு தெரியாது.

பூச்சுவேலை_இரத்மலானை | வெள்ளி, காலை 8.05

வெடிக்கும் பயம் நியாயமானது. நடு வெயிலில் சுடும் தட்டில் பூசினால் மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக நிற்கும். காலை எட்டரைக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் ஒரு கை (ஒரு தடவைப் பூச்சு), மறுநாள் அதே நேரத்தில் குறுக்குவாட்டில் இரண்டாவது கை. பின்னேரத்தில் பூச விட வேண்டாம், இரவு மழை பிடித்துவிடும். பாஸ் அவசரப்பட்டு ஒரே நாளில் இரண்டு கையும் அடித்துத் தருகிறேன் என்பார். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். டப்பாவில் எழுதியிருக்கும் இடைவெளி நேரத்தை அவர் முன்னால் வாசியுங்கள்.

மூன்றாம்மாடி_வெள்ளவத்தை | வெள்ளி, இரவு 9.15

பாஸோடு கதைத்தேன். நாளையும் ஞாயிறும் கழுவலும் வெடிப்பு அடைப்பும். திங்கள் இரவு மீண்டும் பொலித்தீன். செவ்வாய் காலை தாள் காய்ந்திருந்தால் முதல் கை, புதன் இரண்டாவது, வியாழன் சும்மா காயட்டும். ஈரமாக இருந்தால் ஒரு நாள் தள்ளும். இரவுக்கு விரிக்கப் படங்கு வாடகைக்குச் சொல்லிவிட்டேன்.

மழைமானி_தெஹிவளை | வெள்ளி, இரவு 9.38

நல்ல திட்டம். படங்கைப் பூச்சில் படாமல் உயர்த்திக் கட்டச் சொல்லுங்கள். இந்த நாட்களில் ஏதாவது ஒரு பகல் காற்று சட்டென்று நின்று, மதியம் தாங்க முடியாமல் புழுங்கி, கிழக்கே இடி உருண்டால் பாஸையும் உதவியாளரையும் உடனே கீழே இறக்குங்கள். பூச்சு போனால் போகட்டும். கொழும்புத் தட்டுகளில் இரும்புத் தாங்கிச் சட்டமும் அன்ரெனாவும் பக்கத்திலேயே நிற்கும், மின்னலுக்கு அதைவிட நல்ல அழைப்பு வேண்டாம்.

ஆமர்வீதி_நனைந்தவன் | வெள்ளி, இரவு 10.02

அக்கா, வேலை ஒழுங்காக முடிந்தால் அந்தப் பாஸின் இலக்கத்தைத் தனிமடலில் அனுப்புங்கள். எங்கள் கடைத் தட்டும் ஒழுகுகிறது. ஐயா, நான் செப்டெம்பர் கடைசியில் செய்தால் போதும்தானே?

மழைமானி_தெஹிவளை | வெள்ளி, இரவு 10.10

போதாது தம்பி. செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் முடியுங்கள். தவறினால் ஜனவரி, பெப்ரவரி. அப்போது சராசரி 60, 70 மில்லிமீற்றர்தான். அதுவரை வாளி வையுங்கள்.